மின்னறிஞர் கென்னலி

பொதிகை மலையிற் பிறந்து, பாபநாசத்தில் சமவெளியை அடைந்து, நெல்லைச் சீமையை வளப்படுத்திக் கடலிற் கலப்பது தாமிரபரணி ஆறு. அதன் கால்வாய்கள் பாயும் வயல்களில் கார், பிசானம் என இரு போகம் நெல் விளையும். கால்வாய் எட்டாத மேட்டு நிலங்களில் கிணறுகளே உழவர்க்குத் துணை. பெரிய மோட்டார் பூட்டிய கிணற்றடி அறை ஒன்றனை எட்டிப் பார்த்தால், சுவரில் ஓர் இரும்புப் பெட்டி தொங்குவதைக் காணலாம். அதற்கு ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் என்று பெயர். எழுதப் படிக்க அறியாத முதியவரும் அப்பெயரைப் பிழையின்றிச் சொல்வர். கைப்பிடியை முதலில் ஒரு புறம் தள்ளி, மோட்டார் வேகம் பிடித்தபின் மறுபுறம் மாற்ற வேண்டும் என்பதையும் நன்கு அறிவர். ஸ்டார் என்பது விண்மீன். டெல்டா என்பது முக்கோண வடிவமுள்ள கிரேக்க எழுத்து. இவ்விரு வடிவங்களுக்கும் மின்னியலில் உள்ள உறவைத் தெளிந்த கணக்காக்கி 1899-ஆம் ஆண்டில் வெளியிட்டவர் ஆர்தர் எட்வின் கென்னலி. அவர் பிறந்தது இந்திய மண்ணில்.

பம்பாய் நகரின் தென்கோடியில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலப்பகுதி கொலாபா. அங்கே 1861-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17-ஆம் நாள் கென்னலி பிறந்தார். தந்தையார் அயர்லாந்து நாட்டவர். கப்பற் படையிற் பணி புரிந்தவர். குழந்தை தாய்முகம் அறியும் பருவத்திலேயே அன்னையார் மறைந்தார். தந்தையார் மகனை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். பள்ளிகள் பல மாறின, நாடுகளும் மாறின. இலண்டன் மாநகரில் பயின்ற நாளில், கடலடித் தந்தியைப் பற்றிய சொற்பொழிவு ஒன்றைச் சிறுவன் கேட்டான். ஆழ்கடலின் அடியிற் கிடக்கும் ஒரு கம்பியின் வழியே இங்கிலாந்தும் இந்தியாவும் பேசிக்கொள்கின்றன என்னும் செய்தி அவன் நெஞ்சிற் பதிந்துவிட்டது. அது வெறுங் கற்பனை அன்று. 1870-ஆம் ஆண்டிலேயே அக்கம்பி அவன் பிறந்த பம்பாய்க் கரையை எட்டியிருந்தது.

பதினான்காம் வயதில் கென்னலியின் பள்ளிப் படிப்பு முடிவுற்றது. கல்லூரி வாயிலை அவர் மிதிக்கவே இல்லை. இலண்டனில் இருந்த தந்திப் பொறியாளர் கழகத்தில் எடுபிடி வேலை பார்க்கும் அலுவலகச் சிறுவனாக அமர்ந்தார். கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுப்பதும், நூல்களை அடுக்கி வைப்பதும் அவருடைய பணிகள். அடுக்கிய நூல்களைத் திறந்து பார்க்கவும் அவர் தவறவில்லை. 1876-இல் கிழக்குத் தந்திக் கம்பெனியிற் சேர்ந்தார். அடுத்த பத்தாண்டுகள் கடலோடு கழிந்தன. மால்ட்டாத் தீவிலும், கம்பி பழுது பார்க்கும் கப்பல்களிலும் அவர் பணியாற்றினார். பகலிற் பணி, இரவில் இயற்பியலும் கணக்கும். ஆசிரியர் எவரும் உடன் இல்லை.

அப்பணியின் இயல்பை அறிந்தால்தான் அவர் பிற்காலத்தில் செய்த வேலையின் வேரை அறிய இயலும். கடலடிக் கம்பி ஓரிடத்தில் அறுந்துவிட்டது என்று கொள்வோம். கரையில் இருப்பவர்க்கு அதன் ஒரு முனை மட்டுமே கையில் உண்டு. மறுமுனை நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால், ஒளி புகாத ஆழத்திற் கிடக்கிறது. கம்பியின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி, அதற்கு எவ்வளவு தடை நேர்கிறது என்று அளந்து, மைல் ஒன்றுக்கு இவ்வளவு தடை என்னும் கணக்கினால் அறுந்த இடத்தைக் கண்டறிதல் வேண்டும். கணக்குத் தவறினால் கப்பல் வேறிடம் சென்று கடலைத் துழாவும். நாட்களும் பொருளும் வீணாகும்.

ஆனால், இதில் ஒரு சிக்கல் உண்டு. அறுந்த முனை கடல்நீரைத் தொட்டுக் கிடப்பதால், அம்முனைக்கும் ஒரு தடை உண்டாகிறது. அளக்கும்போது கிடைப்பது கம்பியின் தடையும் முனையின் தடையும் சேர்ந்த தொகையே. எவ்வளவு கம்பியினுடையது, எவ்வளவு முனையினுடையது என்று எப்படிப் பிரிப்பது? கென்னலி இதனைப் பலமுறை சோதித்து ஒன்று கண்டார். கம்பியின் தடை மாறுவதில்லை. முனையின் தடையோ செலுத்தும் மின்னோட்டத்தின் அளவுக்கேற்ப மாறுகிறது. எனவே, இரு வேறு அளவுகளில் மின்னோட்டத்தைச் செலுத்தி இருமுறை அளந்தால், இரண்டையும் ஒப்பிட்டு முனையின் தடையை நீக்கிவிடலாம். இம்முறை அவர் பெயராலேயே தந்தித் துறையில் வழங்கலாயிற்று. காண முடியாத ஒன்றை, கைக்கெட்டிய முனையிலிருந்து அளந்தே அறிதல் என்னும் இப்பழக்கம் அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை.

1887-ஆம் ஆண்டின் முடிவில் கென்னலி அமெரிக்கா சென்றார். நியூ ஜெர்சியில் எடிசன் அமைத்திருந்த பெரிய ஆய்வுக்கூடத்தில் மின்துறைத் துணைவராகச் சேர்ந்தார். எடிசன் கணக்கை அதிகம் நம்பாதவர். செய்து பார்த்தே அறிபவர். அவருக்குக் கணக்கறிந்த ஓர் இளைஞர் தேவைப்பட்டார்.

அங்கே கழிந்த ஆண்டுகளில் மறைக்க இயலாத ஒரு நிகழ்ச்சி உண்டு. அக்காலத்தில் மின்சாரத்தைப் பற்றிப் பெரும்போர் ஒன்று நடந்து வந்தது. எடிசன் நேர்திசை மின்னோட்டத்தை வழங்கி வந்தார். வெஸ்டிங்ஹவுஸ் என்பவர் மாறுதிசை மின்னோட்டத்தைப் பரப்பி வந்தார். மாறுதிசை மின்னோட்டத்தை உயர்ந்த அழுத்தத்தில் நெடுந்தொலைவு அனுப்பலாம், செலவும் குறைவு. போட்டியில் தோற்கும் நிலை கண்ட எடிசன் தரப்பினர், மாறுதிசை மின்னோட்டம் உயிரைக் கொல்லுவது என்று மக்களை அச்சுறுத்த முற்பட்டனர். 1888-ஆம் ஆண்டில் ஹெரால்டு பிரவுன் என்பவர் எடிசனின் ஆய்வுக்கூடத்திலேயே நாய்கள், கன்றுகள், குதிரை ஆகியவற்றின் மீது மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்திக் கொன்று காட்டினார். அச்சோதனைகளுக்கு உடனிருந்து உதவியவர் கென்னலி. அடுத்த ஆண்டில், மரண தண்டனை பெற்ற கைதி ஒருவரை மின்சாரத்தால் கொல்லலாமா என்ற வழக்கில் அவர் சான்றும் கூறினார். அறிவியல், வணிகத்துக்கு ஏவல் செய்த நாட்கள் அவை. அவருடைய புகழை எழுதுவோர் பலர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுவர்.

எந்த மின்னோட்டத்தைக் கொடியது என்று காட்டத் துணை நின்றாரோ, அதே மின்னோட்டத்தைக் கணக்கிட எளிய வழியை ஐந்தாண்டுகளுக்குள் உலகுக்கு அளித்தவரும் அவரே. 1893-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அமெரிக்க மின் பொறியாளர் கழகத்தில் அவர் ஒரு கட்டுரை படித்தார். மின்மறுப்பு என்பது அதன் பொருள்.

நேர்திசை மின்னோட்டத்துக்கு ஓம் என்னும் ஜெர்மானிய அறிஞர் வகுத்த விதி போதுமானது. மின்னழுத்தத்தைத் தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். மாறுதிசை மின்னோட்டமோ நொடிக்குப் பலமுறை முன்னும் பின்னும் அலைவது. கம்பிச் சுருள் அதனைத் தாமதப்படுத்தும். மின்தேக்கி அதனை முந்தச் செய்யும். 3 ஓம் தடையும், 4 ஓம் அளவு தாமதப்படுத்தும் சுருளும் அடுத்தடுத்து இருந்தால் மொத்தம் 7 ஓம் என்று கூட்டுதல் பிழையாகும். ஒருவன் திருநெல்வேலியிலிருந்து மேற்கே 3 மைல் நடந்து, பின்னர் வடக்கே திரும்பி 4 மைல் நடந்தால், அவன் புறப்பட்ட இடத்திலிருந்து 5 மைல் தொலைவிலேயே நிற்பான். தடையும் சுருளின் மறிப்பும் அவ்வாறே ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில் நிற்கின்றன. அவற்றின் கூட்டு 5 ஓமே. இப்படித் திசையோடு கூடிய எண்களைக் கணக்கறிஞர் சிக்கலெண்கள் என்பர். தடைக்குப் பதிலாக அச்சிக்கலெண்களை இட்டுவிட்டால், ஓம் விதியும் அதனைச் சார்ந்த பழைய விதிகள் அனைத்தும் மாறுதிசை மின்னோட்டத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று கென்னலி காட்டினார். அதே ஆண்டில் ஸ்டைன்மெட்ஸ் என்னும் மற்றோர் அறிஞரும் இவ்வழியை விரித்துரைத்தார். பெரும் பொறியாளர்கள் திணறிய கணக்குகளை அதன்பின் மாணவரும் செய்யலாயினர்.

1894-இல் கென்னலி எடிசனை விட்டு நீங்கி, பிலடெல்பியா நகரில் ஹூஸ்டன் என்னும் ஆசிரியரோடு கூட்டாக ஆலோசனைப் பொறியாளராகத் தொழில் நடத்தினார். இருவரும் சேர்ந்து எழுதிய நூல்கள் பல. 1898 முதல் 1900 வரை அமெரிக்க மின் பொறியாளர் கழகத்தின் தலைவராகவும் விளங்கினார். அப்பொறுப்பில் இருந்த நாளிலேதான், 1899-இல், முக்கோணமும் விண்மீனும் பற்றிய அச்சிறு கட்டுரையை ஒரு மின்னியல் இதழில் வெளியிட்டார். அளவிற் சிறியது, பயனிற் பெரியது.

அதன் பயனை அறிய, முதலில் மின்சுற்றுகளைச் சுருக்கும் பழைய வழிகளை நோக்குதல் வேண்டும். இரண்டு தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் அவற்றைக் கூட்டி ஒரே தடையாகக் கொள்ளலாம். இது தொடரிணைப்பு. இரண்டு தடைகள் பக்கத்திற் பக்கமாக நின்றால் மின்னோட்டம் பிரிந்து சென்று மீண்டும் கூடும். திருநெல்வேலியில் குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றினுள்ளேயே அமைந்தது. வெள்ளம் வருங்கால் தாமிரபரணி அக்கோயிலின் இரு புறமும் பிரிந்து ஓடிப் பின்னர் ஒன்றாகிறது. கீழே நின்று வெள்ளத்தின் அளவைப் பார்ப்பவனுக்கு மேலே அது இரண்டாகப் பிரிந்த செய்தி வேண்டுவதில்லை. ஓர் ஆறு வருகிறது, அவ்வளவே. அதுபோல, பக்க இணைப்பில் நிற்கும் 6 ஓம், 3 ஓம் தடைகளை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் ஒரே ஒரு 2 ஓம் தடையை வைத்தாலும் வெளியே இருக்கும் சுற்றுக்கு வேறுபாடு தெரியாது. உள்ளே இருப்பது மாறினும் வெளியே நடப்பது மாறாதாயின், அதனை ஈடான சுற்று என்பர்.

இவ்விரு வழிகளும் எட்டாத சுற்றுகள் உண்டு. இரண்டு கால்வாய்கள் பக்கத்திற் பக்கமாக ஓடுகின்றன. நடுவில் ஒன்றையும் மற்றொன்றையும் இணைத்து ஒரு குறுக்கு வாய்க்கால் வெட்டப்படுகிறது. அவ்வாய்க்காலில் நீர் எப்பக்கம் பாயும்? பார்த்த அளவிற் சொல்ல இயலாது. மின்னியலில் இவ்வமைப்பை வீட்ஸ்டன் பாலம் என்பர். அதன் ஐந்து தடைகளுள் எந்த இரண்டும் தொடரிணைப்பில் இல்லை. எந்த இரண்டும் பக்க இணைப்பிலும் இல்லை. கிர்க்காப் என்னும் அறிஞர் 1845-இல் வகுத்த விதிகளைக் கொண்டு, கிளைக்கு ஒரு சமன்பாடாக எழுதி விடை காணலாம். விடை வரும், பல தாள்களும் தீரும். கிளைகள் பெருகிவிட்டாலோ பொறுமையும் தீரும்.

கென்னலிக்கு முன்பே இச்சுமையைக் குறைக்க முயன்றவர் உண்டு. எத்துணைச் சிக்கலான சுற்றாயினும், இரண்டு முனைகளின் வழியே பார்க்கும்போது, ஒரு மின்கலமும் ஒரு தடையும் மட்டுமே உள்ள எளிய சுற்றுக்கு அது ஈடாகும் என்பதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853-ஆம் ஆண்டிலும், பிரெஞ்சுத் தந்திப் பொறியாளராகிய தெவனென் 1883-ஆம் ஆண்டிலும் தனித்தனியே காட்டியிருந்தனர். தந்தித் துறையில் உழைத்தவர்களுக்கு இவ்வெண்ணம் தோன்றுவது வியப்பன்று. கம்பியின் முனையில் அமர்ந்து, அப்பாலுள்ளதைக் காணாமல் அறிவதே அவர்களுடைய அன்றாடத் தொழில்.

கென்னலி இரண்டு முனைகளோடு நில்லாமல் மூன்று முனைகளை எடுத்துக்கொண்டார். இதனை விளக்க நெல்லை வட்டாரத்து ஊர்களையே துணைக்கொள்ளலாம். திருநெல்வேலி, அம்பாசமுத்திரம், தென்காசி ஆகிய மூன்று ஊர்களையும் மூன்று கம்பிகள் முக்கோணமாக இணைப்பதாக எண்ணுக. திருநெல்வேலிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையே 20 ஓம். அம்பாசமுத்திரத்துக்கும் தென்காசிக்கும் இடையே 30 ஓம். தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் இடையே 50 ஓம். இவை கணக்குக்காகக் கொண்ட எண்களே. இம்மூன்று கம்பிகளையும் எடுத்துவிட்டு, நடுவில் ஒரு புள்ளியைக் குறித்து, அங்கிருந்து ஊருக்கு ஒன்றாக மூன்று கம்பிகளை விண்மீனின் கதிர்கள்போல் இழுக்க வேண்டும். ஆனால், எந்த ஊரில் இருந்து அளப்பவனுக்கும் மாற்றம் தெரியக் கூடாது. ஒவ்வொரு கதிரின் தடையும் எவ்வளவாக இருத்தல் வேண்டும்?

கென்னலி கண்ட விதி மிக எளியது. ஓர் ஊரில் வந்து கூடும் இரண்டு கம்பிகளின் தடைகளைப் பெருக்கி, மூன்று தடைகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால், அவ்வூருக்குரிய கதிரின் தடை கிடைக்கும். இங்கே கூட்டுத்தொகை 100. ஆகவே, திருநெல்வேலிக் கதிர், 20-ஐயும் 50-ஐயும் பெருக்கி 100-ஆல் வகுக்க, 10 ஓம். அம்பாசமுத்திரக் கதிர் 6 ஓம். தென்காசிக் கதிர் 15 ஓம்.

இது மெய்தானா என்று சோதித்துப் பார்க்கலாம். முக்கோணத்தில் திருநெல்வேலிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இரண்டு வழிகள் உள்ளன: நேர்வழி 20 ஓம், தென்காசியைச் சுற்றும் வழி 80 ஓம். இவ்விரண்டும் பக்க இணைப்பில் நிற்பதால், இரண்டின் பெருக்கலை இரண்டின் கூட்டால் வகுக்க 16 ஓம் ஆகிறது. விண்மீனில் 10-ம் 6-ம் சேர்ந்து அதே 16. அம்பாசமுத்திரத்துக்கும் தென்காசிக்கும் முக்கோணத்தில் 21 ஓம், விண்மீனிலும் 21. தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் இரண்டிலும் 25. மூன்று ஊரிலும் எவனும் ஏமாற்றத்தைக் கண்டுபிடிக்க இயலாது!

வீட்ஸ்டன் பாலத்தில் ஒரு முக்கோணத்தை இவ்வாறு விண்மீனாக்கிவிட்டால், குறுக்கே நின்ற சிக்கல் அவிழ்ந்து, எஞ்சியவை தொடரிணைப்பும் பக்க இணைப்புமாகப் பிரிந்து நிற்கும். பிறகு மனக்கணக்காகவே முடிக்கலாம். விண்மீனை முக்கோணமாக்கும் எதிர்விதியும் உண்டு. தடைகள் மூன்றும் சமமாக இருந்தால் கணக்கு இன்னும் எளிது: முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கமும் விண்மீனின் ஒவ்வொரு கதிரைப்போல் மும்மடங்கு.

கிணற்றடி இரும்புப் பெட்டியின் பொருளும் இந்த மும்மடங்கில்தான் அடங்கியுள்ளது. மோட்டாரில் மூன்று கம்பிச் சுருள்கள் உள்ளன. நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது மோட்டார் மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும்; தெருவிளக்குகளும் மங்கும். ஆகையால், புறப்படும்போது சுருள்களை விண்மீனாக இணைப்பர். விண்மீனாய் நிற்கும் அதே சுருள்கள், மும்மடங்கு மறுப்புள்ள ஒரு முக்கோணத்துக்கு ஈடு. எனவே, மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. மோட்டார் வேகம் பிடித்தபின் கைப்பிடியை மாற்ற, சுருள்கள் முக்கோணமாகி முழு வலிமையோடு நீரை இறைக்கின்றன. இவ்விணைப்புகளைக் கென்னலி புதிதாகப் படைக்கவில்லை. மும்முனை மின்சாரம் தோன்றியபோதே அவையும் தோன்றிவிட்டன. அவற்றுள் ஒன்றை மற்றொன்றாகக் கருதிக் கணக்கிடும் உரிமையைப் பொறியாளர்க்கு வழங்கியது அவருடைய விதி.

பாபநாசத்துக்கு மேலே அணை கட்டி, தாமிரபரணியின் வீழ்ச்சியினால் பொறிகளைச் சுழற்றும் மின் நிலையம் 1944-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, அவ்வாற்று நீரின் வலிமையைக் கொண்டு ஹார்வி சகோதரர்கள் அங்கே நூற்பாலை நடத்தியதுண்டு. மின் நிலையம் பிறந்தபின், நீரின் வலிமை கம்பி வழியே தொலைவிலுள்ள ஊர்களுக்கும் சென்றது. தெருமுனையில் நிற்கும் மின்மாற்றியின் உயரழுத்தப் பக்கத்தில் சுருள்கள் முக்கோணமாகவும், வீடுகளுக்குச் செல்லும் பக்கத்தில் விண்மீனாகவும் இணைந்திருப்பது வழக்கம். பின்னர் காற்றாலைகளும், 2013-ஆம் ஆண்டு முதல் கூடங்குளம் அணுமின் நிலையமும் அதே மின்வலையில் இணைந்தன. இத்தகைய பெருவலையில் ஓரிடத்தில் கம்பி அறுந்தாலோ, மண்ணைத் தொட்டாலோ எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுத்தான் காப்புக் கருவிகளை அமைத்தல் வேண்டும். கணக்குத் தவறினால் கருவி உரிய நேரத்தில் இணைப்பைத் துண்டிக்காது; ஆட்களின் உயிருக்கே கேடு நேரும். கணிப்பொறிகள் வருவதற்கு முன் அக்கணக்கைத் தாளில் செய்த பொறியாளர், முக்கோணங்களை விண்மீன்களாக்கி, வலையைப் படிப்படியாகச் சுருக்கி, இறுதியில் ஒரே கம்பியாக்கி விடை கண்டனர்.

கென்னலியின் கதை இத்துடன் முடியவில்லை. 1901-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் மார்க்கோனி, இங்கிலாந்திலிருந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டி நியூபவுண்லாந்துக்குக் கம்பியில்லாத் தந்திக் குறி வரப் பெற்றார். அறிஞர் பலர் திகைத்தனர். மின் அலை ஒளியைப்போல் நேராகச் செல்வது, பூமியோ உருண்டை. அலை வளைந்து செல்வது எங்ஙனம்? 1902-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கென்னலி ஒரு விளக்கம் தந்தார். ஏறத்தாழ 80 கிலோமீட்டர் உயரத்தில் அடர்த்தி குறைந்த காற்று மின்னைக் கடத்தும் தன்மையுடையதாக இருத்தல் வேண்டும். அலைகள் அதனைத் தாண்டிச் செல்லாமல், அதற்கும் கடலுக்கும் இடையே பரவிச் செல்கின்றன என்பதே அது. சில திங்களில் ஆலிவர் ஹெவிசைடு என்னும் ஆங்கில அறிஞரும் தனியே அக்கருத்தை வெளியிட்டார். ஹெவிசைடும் கல்லூரி காணாதவர். அவரும் தந்தி அலுவலகத்தில் தொழில் தொடங்கியவர். அவ்வடுக்குக்குக் கென்னலி-ஹெவிசைடு அடுக்கு என்று பெயர் அமைந்தது. அதனை எவரும் கண்டதில்லை. 1924-இல் ஆப்பிள்டன் என்பவர் வானொலி அலைகளை அனுப்பிச் சோதித்து அது உண்டு என்று நிறுவினார். 1947-இல் நோபெல் பரிசும் பெற்றார். கென்னலியோ, கடலடிக் கம்பியின் முனையில் இருந்து செய்ததையே இம்முறை வானை நோக்கிச் செய்தார்.

அதே 1902-இல் மெக்சிகோ அரசுக்காகக் கடலடிக் கம்பி பதிக்கும் பணியை மேற்பார்வையிட்டார். பின்பு ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் மின்பொறியியற் பேராசிரியரானார். பட்டம் எதுவும் படித்துப் பெறாதவர் பட்டதாரிகளுக்கு ஆசிரியரானார். 1930 வரை அங்கே கற்பித்தார். மாசச்சூசட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலும் சில ஆண்டுகள் பாடம் சொன்னார். நெடுந்தொலைவுக் கம்பிகளைச் சில தடைகளும் மின்தேக்கிகளும் கொண்ட ஈடான சுற்றுகளாக்கி மேசைமீது வைத்து ஆராயும் முறையை அவர் வளர்த்தார். இளமையில் அவர் கப்பலேறித் தேடிய ஆயிரம் மைல் கம்பி, முதுமையில் மாணவர்களின் முன்னே ஒரு பெட்டியில் அடங்கிவிட்டது! மெட்ரிக் அளவைகளை எல்லா நாடுகளும் ஏற்க வேண்டும் என்பதற்காகவும் அவர் நெடுங்காலம் உழைத்தார். 1933-ஆம் ஆண்டுக்குரிய எடிசன் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. 1939-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 18-ஆம் நாள் பாஸ்டன் நகரில் இயற்கை எய்தினார்.

அவர் பிறந்த கொலாபாவில் ஒரு வானாய்வுக் கூடம் இருந்தது. அங்கே 1841-ஆம் ஆண்டிலிருந்து பூமியின் காந்தப் புலத்தை அளந்து வந்தனர். பம்பாயில் மின்சார டிராம் வண்டிகள் ஓடவிருந்தமையால், அம்மின்னோட்டம் காந்த ஊசிகளைக் குழப்பும் என்று அஞ்சி, 1904-இல் அலிபாக் என்னும் ஊரில் புதிய கூடம் அமைத்தனர். அதன் வழியில் வந்த இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம், பின்னர் திருநெல்வேலிக்கு அருகே, சிற்பங்களாற் புகழ்பெற்ற கிருஷ்ணாபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தை நிறுவியது. அவ்விடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. அக்கோட்டின் நேர் மேலே, 100 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரத்தில், கென்னலி கருதிய அடுக்கினுள், பகல் வேளையில் கிழக்கு நோக்கி ஒரு பெரும் மின்னோட்டம் பாய்கிறது. கம்பியும் இல்லை, மின்கலமும் இல்லை. நண்பகலில் அது வலுத்து, கீழேயுள்ள காந்தக் கருவிகளை அசைக்கும், மாலையில் தணியும். கிருஷ்ணாபுரத்துக் கூடத்தில் 1990-களின் தொடக்கத்திலிருந்து வானொலி அலைகளை மேலே அனுப்பி, அவை திரும்பி வரும் வகையைக் கொண்டு அவ்வுயரத்தின் காற்றோட்டங்களையும் ஆராய்ந்து வருகின்றனர். தாமிரபரணிக் கரையில் உழவர் கிணற்றடிக் கைப்பிடியை விண்மீனிலிருந்து முக்கோணத்துக்குத் தள்ளும் அதே பகற்பொழுதில், அவர் தலைக்கு நேர் மேலே அவ்வோட்டம் பாய்ந்துகொண்டிருக்கிறது.